கூடம் கோணல்

நூறு மீட்டரில் ஒரு குறையும் இல்லை.
ஐந்து துளையையும்
ஒரு கோட்டுப் பொத்தானால் மூடிவிடலாம்.
ஆயிரத்துக்குப் போனால்தான்
இரும்புத் தகடு வாய் திறப்பதில்லை.
வலப்பக்கம், எப்போதும் வலப்பக்கம்,
ஒரு சாண் தள்ளிப்
புழுதி எழும்பி உட்காரும்.

"காற்று" என்பான் அலிஸ்டர்,
தொலைநோக்கியிலிருந்து கண்ணெடுக்காமல்.
ஓமராமாவுக்கு மேற்கே
மெரினோ ஆடுகளே காற்றுக்கு முதுகு காட்டித்தான் மேயும்;
எதையும் அதன் தலையில் போடலாம்.
இரண்டு கோடை அதைத் திட்டினாள் மெரின்.
பிறகு தன் விரலை. பிறகு மூச்சை.
ஒரு வாரம் காப்பியை விட்டாள்.
ஆடத் தெரியாதவள் என்ற பேர் வேண்டாமென்றோ என்னவோ
கூடத்தை மட்டும் குறை சொல்லவில்லை.

ஸ்கோப்பை ஏற்றியது இந்தக் கொட்டகையில்தான்.
கம்பளி பிரிக்கும் மேசையில் துப்பாக்கியை இடுக்கியில் பூட்டி,
அதன் முதுகில் ரசமட்டம் வைத்து,
குமிழி இரு கோட்டுக்கும் நடுவே வந்து அடங்கும்வரை பொறுத்து,
எதிர்க்கோடிக் கதவுத்தூணின் விளிம்போடு
கண்ணாடிக்குள்ளிருக்கும் மயிரிழையை ஒட்டவைத்து,
நான்கு திருகையும் மாற்றி மாற்றிக்
கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினாள்.
ஒரு பக்கம் அவசரப்பட்டால்
தூக்கத்தில் புரளும் பிள்ளைபோல்
குழாய் திரும்பிக்கொள்ளும்.

மே மாதம், மழை.
நாய்ச்சங்கிலியை அதே தூணின் ஆணியில் மாட்டிவிட்டுத்
தேநீருக்குத் தண்ணீர் வைத்தான் அலிஸ்டர்.
ஆட்டம் நின்றதும்
சங்கிலி தூணைத் தொடவில்லை.
மேலே ஒட்டி,
கீழே இரண்டு விரற்கடை விலகித்
தன்பாட்டுக்குத் தொங்கியது.
மெரின் பார்த்தாள்.
கெட்டில் கூவியது.
இன்னும் பார்த்தாள்.

கூடம் கோணல்.
நிஜமாகவே கூடம் கோணல்.

எந்த நிலநடுக்கமோ, எத்தனை பனிக்காலமோ,
ஒரு டிகிரி சாய்ந்த தூண்.
அதை நம்பி ஒரு டிகிரி சாய்ந்த இழை.
ரசமட்டம் பொய் சொல்லவில்லை;
அதனிடம் தூணைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
ஆயிரம் மீட்டர் போவதற்குள் குண்டு
பன்னிரண்டு மீட்டர் விழுகிறது.
அந்த விழுகைக்கு ஈடாக மேல்திருகைத் திருப்பியபோதெல்லாம்
உயரத்தோடு கொஞ்சம் வலத்தையும்
கேட்காமலே வாங்கியிருக்கிறாள்.

உத்தரத்திலிருந்து மீன்பிடி நூல்,
நுனியில் ஈயக்குண்டு.
ஆடாமலிருக்கப் பழைய என்ஜின் எண்ணெய் வாளிக்குள் இறக்கினார்கள்.
பூமி எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை
பூமியிடமே கேட்பது.
திருகுகளைத் தளர்த்தினாள்.
இழை போய் நூலுக்குள் மறைந்தது.

சனிக்கிழமை. தகடு.
குண்டு போக இரண்டு நொடி,
ஓசை திரும்ப மூன்று.
அந்த ஐந்தில் எதையும் நினைக்கவில்லை என்றுதான்
இன்றுவரை சொல்கிறாள்.

டங்.

அடுத்தது இடப்பக்கம், இரண்டு சாண்.
"இது காற்று" என்றான் அலிஸ்டர்.
இந்த முறை காற்றேதான்.
அதுவும் எத்தனை நாள்
வேலை செய்யாமல் பழி மட்டும் சுமக்கும்.

இரவு சங்கிலியை மாட்டும்போது கேட்டான்:
"தூணை நிமிர்த்திவிடட்டுமா?"
"விடு" என்றாள்.
"கூரை அதை நம்பித்தான் இருக்கிறது.
ஆடுகளுக்கு எதற்கு ஆயிரம் மீட்டர்."