பிற குறிப்புகள்

மொந்தேவிதேயோ நகராட்சி, லிஃப்ட் பரிசோதனைப் பிரிவு.
ஜன்னலோர மேசை என்னுடையது.
ஒலெகாரியோ பெந்தாங்கோர் அன்றைக்கு ஏறி இறங்கிய
லிஃப்டுகளின் படிவங்கள்
மாலை நாலரைக்கு என்னிடம் வரும்.
கயிறு: சரி. கதவு: சரி. பிரேக்: சரி.
பிற குறிப்புகள்: ஏதுமில்லை.
பதினோரு வருடமாக ஏதுமில்லை.
அந்தச் சொல்லை அடிக்க
என் விரல்களுக்குக் கண் தேவைப்படாது.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்,
பம்பேரோ காற்று கண்ணாடியை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஏதுமில்லை என்று அடித்துவிட்டு
அடுத்த தாளுக்குப் போனவள் திரும்பி வந்தேன்.
நீல மையில், அவருடைய குண்டுக் கையெழுத்தில்:
'மூன்றாம் மாடி வந்ததும் பெருமூச்சு விடுகிறது.
பழுது இல்லை. அங்கே யாரோ
காலிசெய்து போயிருக்க வேண்டும்.'

கணினி நாற்பது எழுத்துக்கு மேல் வாங்காது.
வெட்டினேன்:
'பழுது இல்லை. மூன்றில் பெருமூச்சு.'

மறுநாள் ஒரு பல் மருத்துவர் கட்டடம்.
ஏறத் தயங்குகிறதாம், இறங்கும்போது குதூகலமாம்.
'ஐந்தில் பல் டாக்டர். இறங்கவே ஆசை'
என்று அடித்துவிட்டு
தனியாகச் சிரித்தேன், கணக்குப் பிரிவு திரும்பிப் பார்க்க.

பிறகு துறைமுகத்தருகே ஒரு பழைய இரும்புக் கூண்டு.
'பித்தளைப் பொத்தான்கள் எல்லாம் தேய்ந்திருக்கின்றன,
ஏழு தவிர.
ஏழில் இருப்பவரைப் பார்க்க யாரும் வருவதில்லை.'
இதை வெட்ட வரவில்லை.
கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
சுரைக்குடுவையில் மாத்தே ஆறிப்போயிற்று.
விளக்கணைக்க ஆள் வந்த பிறகு அடித்தேன்:
'பொத்தான் ஏழு புத்தம் புதுசு.'

இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
தாளை வைப்பார், கக்கத்தில் பிளாஸ்க்கோடு தலையசைப்பார்.
ஒரே ஒருமுறை திரையை எட்டிப் பார்த்து,
"'அங்கே'யை எடுத்துவிட்டீர்கள்" என்றார.
"தேவைப்படவில்லை."
யோசித்தார்.
"ஆமாம்."

நவம்பர் தணிக்கையில் மாட்டிக்கொண்டோம்.
மேலதிகாரி இருரேத்தா
எட்டுக் குறிப்புகளை உரக்க வாசித்தார்,
இரண்டுக்குச் சிரித்தார்,
ஒன்பதாவதை மனதுக்குள் வாசித்துக்கொண்டார்.
டிசம்பர் முதல் தேதியிலிருந்து
ஏதுமில்லை, சிறு பழுது, பெரும் பழுது.
மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும்.
"உங்களுக்கும் நேரம் மிச்சம், ஸுல்மா."

தேர்ந்தெடுக்கிறேன்.
கையெழுத்தை மட்டும் ஸ்கேன் செய்து ஒட்ட வேண்டும்.
கையெழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று
சுற்றறிக்கை எதுவும் சொல்லவில்லை.
நேற்றைய தாளில்
பெந்தாங்கோரின் கடைசி எழுத்து
நேராகக் கிளம்புகிறது, பாதியில்
ஒரு கணம் நிற்கிறது
(யாரோ ஓடி வருகிறார்கள், யாரோ
கதவைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்)
பிறகு மேலே, இன்னும் மேலே.

பெட்டிக்கு அது பெரிது.
எங்கே வெட்டலாம் என்று
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.