முப்பத்தொன்று

கோப்பாய்ச் செம்பாட்டு மண்
மூன்றுதரம் அரித்தால் மா போலாகும் என்று நினைத்தேன்.
ஆகவில்லை.
மிளகாய்த்தூள் மாதிரி விரலில் ஏறி
கழுவினாலும் நகக்கண்ணில் நின்றது.

நூறு பங்கு மண்,
நாற்பது பனைமட்டைச் சாம்பல்,
இருபது சிப்பித் தூள்,
பாலாடைப் பதம் வரும்வரை தண்ணீர்.
கொப்பியில் இப்படித்தான் எழுதியிருக்கிறேன்.
கொப்பி ஓர் ஒழுங்கான பெண்ணுடையது.
வாளிகள் அவளுடையவை அல்ல.

வழுக்கையாற்றில் வெள்ளம் வடிந்து
வெடித்துக் கிடந்த சாம்பல்நிறக் களியை
அரிசிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது
ஒருவர் சைக்கிளை நிறுத்தினார்.
"என்ன பிள்ளை, மண் களவோ?"
"ரெண்டு கிலோதான் ஐயா. கோப்பைக்குப் பூச."
"கோப்பைக்கோ?"
கொஞ்சநேரம் யோசித்தார்.
பிறகு மதகுக்குக் கீழே
நண்டு வளைகளின் பக்கமாய்
இதைவிட நல்ல களி இருக்கென்று காட்டிவிட்டுப் போனார்.

நாவற்குழிக் களியில் உப்பு.
காயும்போதே வெள்ளையாய்ப் பூத்தது.
சுட்டதும் கொப்பளித்து
அம்மை போட்டு எழும்பிய முகமானது.

முதல் சூடு:
ஆயிரத்து நூற்று நாற்பது பாகையில் கரண்ட் நின்றது.
பெனடிக்ற் மின்சாரசபைக்கு எடுத்து
மிக மரியாதையாக ஏசினான்.
துண்டுகள் எல்லாம் பழஞ்செருப்பு நிறம்.

இரண்டாம் சூடு:
கறுப்பு. வழிந்து தட்டில் ஒட்டியது.
உளியால் கிளப்பியதில் தட்டும் போனது.

மூன்றாவதைத் திறந்தது ஒரு விடிகாலை.
நாற்பது துண்டுகளில் முப்பத்தொன்பது
பள்ளிக்கூடத்துக்கு வரிசையில் வந்த மண்ணிறங்கள்.
ஒன்று மட்டும்
பனங்கட்டிப் பாகு இறுகுகிற நிறத்தில்,
பூச்சுத் திரண்ட ஓரமெல்லாம்
பால் கலந்த நீலம்.
வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தேன்.
பெனடிக்ற்றைக் கூப்பிடவில்லை. கொஞ்சநேரம்
எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று.

பின்பக்கம் இலக்கம் முப்பத்தொன்று.
கொப்பியில் முப்பத்தொன்றுக்கு நேரே
என் கையெழுத்தில்:
"பச்சைச் சொப்பிங் பை."
அவ்வளவுதான்.

எங்கே அள்ளிய பை?
ஏழாலையில் புதுக் கிணறு வெட்டியவர்களிடம் கேட்டு வாங்கியதா?
சங்கானையில் ரியூப் ஒட்டக் காத்திருந்தபோதா?
பண்ணைப் பாலத்தடியா?
மோட்டார்சைக்கிள் நின்ற இடமெல்லாம் மறுபடி போனோம்.
ஒன்பது இடம், ஒன்பது பை,
இம்முறை ஊர், திகதி, ஆழம், எல்லாம் எழுதி.
சுட்டோம்.
ஒன்பதும் நல்ல பிள்ளைகள்.
ஒன்றும் அது இல்லை.

இதற்கிடையில் நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதிக்காரர்
துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
அறுபது கோப்பை வேண்டும் என்றார்,
முற்பணம் இன்றைக்கே.
காசை எண்ண விடாமல் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அன்றிரவு சூளையின் கம்பியை மாற்றிக்கொண்டே
என் முகத்தைப் பாராமல் பெனடிக்ற் சொன்னான்:
"பச்சைப் பை கதவுக்குப் பின்னால தொங்கினதெல்லோ...
அது நான் நிலம் கூட்டி அள்ளிப் போட்டது.
எறியத்தான் வைச்சனான்.
நீங்கள் கரைச்சுப்போட்டியள்."
"ஏன் முதலே சொல்லேல்லை?"
"ஒன்பது இடமும் போகேக்கை
நீங்கள் சந்தோசமா இருந்தியள்."

கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

செம்பாடு, ஆற்றுக்களி, உப்புக்களி, சிப்பி,
அடுப்புச் சாம்பல், கம்பித் துரு,
அவன் தின்ற கச்சானின் தோல்,
மாசி மாதம் முழுக்கக் கதவால் வந்த புழுதி.
இதில் எது எத்தனை பங்கு?

வெள்ளிக்கிழமை. நிலம் கூட்ட வேண்டும்.
தும்புத்தடியை எடுத்தவள் திரும்பி வந்து
எந்த மூலையில் தொடங்குகிறேன் என்று
கொப்பியில் எழுதுகிறேன்.