முகூர்த்தம் இல்லாத நாட்கள்

சமாதானபுரத்தில் சண்டை சொல்லித் தருகிறேன்.
இதைக் கேட்டுச் சிரிக்காத ஆட்டோக்காரர்
பாளையங்கோட்டையில் கிடையாது.
கீழே மரச்சாமான் கடை, பதினெட்டுப் படி ஏறினால் என் பள்ளி.
பிள்ளைகள் என்னை மாஸ்டர் என்பார்கள்.
அந்தச் சொல்லுக்கு இன்னும் யாரும்
சேலை தைக்கவில்லை.

மாதம் அறுநூறு.
அண்ணன் தம்பி சேர்ந்தால் ஆயிரம்.
வெள்ளை உடுப்பை இரண்டு அளவு கூட்டியே கேட்பார்கள்,
கால்சட்டையின் மடிப்புக்குள்
அடுத்த வருசம் சுருண்டு கிடக்கும்.
அதைப் பார்த்தால் எனக்குத் தெம்பு,
இவன் நிற்க மாட்டான்.

ஆனாலும் மே மாதம் முப்பத்தொன்பது பேர்
ஜூலையில் பதினாறு.
பத்தாம் வகுப்பு என்றொரு பூதம்
வருசா வருசம் என் நல்ல உதைகளாகப் பார்த்துத் தின்கிறது.

தருண், கட்டடக்காரர் பிரம்மநாயகத்தின் மகன்.
கை சுத்தமான கை.
தேர்வன்று, தன்னில் பாதி எடை இசக்கிராஜா
விழுந்த பிறகும் ஓங்கி ஒன்று வைத்தான்.
பழுப்பு பெல்ட் கொடுக்கவில்லை.
ஆறு மாசம் கழித்து வா என்றேன்.
தேர்வுக் கட்டணம் எண்ணூறையும் திருப்பிக் கொடுத்தேன்,
வழக்கமில்லை,
கை தானாகப் போயிற்று.

சாயங்காலம் படியேறி வந்தார்.
'துணிதானே டீச்சர்,
கட்டி விட்டா என்ன கொறஞ்சிரும்?'
'துணிதான் அண்ணாச்சி.
அதாலதான் யோசிக்கேன்.'
அவர் குரல் உயரவில்லை.
வாடகை உயர்ந்தது, ஒன்பதிலிருந்து பதினாலு.
மரக்கடைக்கு அதே பழைய வாடகை.

கே.டி.சி. நகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம்.
மேனேஜர் தங்கபுஷ்பம் என் மார்க்கெட் பையிலிருந்து
நீட்டிக்கொண்டிருந்த நுஞ்சாக்குவை
முருங்கைக்காய் மாதிரி பார்த்தாள்.
'முகூர்த்தம் இல்லாத நாள் எடுத்துக்கிடுங்க.
கரண்டுக்கு மட்டும் குடுங்க.
சேர் அடுக்குதது ஒங்க பொறுப்பு.'

அன்றிலிருந்து பஞ்சாங்கம்தான் கால அட்டவணை.
தேய்பிறை எனக்கு வளர்பிறை.
தை பிறந்தால் ஊருக்கெல்லாம் வழி பிறக்கும்,
எங்களுக்கு வாசல் அடைபடும்.
ஆடி முழுக்க எங்கள் ராஜ்ஜியம்.
துணிக்கடைக்காரர்கள் மட்டும்தான் தள்ளுபடி போடலாமா,
நானும் போட்டேன், சேர்க்கைக் கட்டணம் பாதி.

'மாஸ்டர், நாளைக்குக் கல்யாணமா கராத்தேயா?'
ஒரே கேள்வி
வாட்ஸ்அப்பில் பதினாலு வீட்டிலிருந்து.

வெறுங்காலில் அட்சதை குத்தும்.
சாம்பார் மணத்தில் மூச்சுப் பயிற்சி.
யாருடையதோ பெயர்கள் மின்னும் தெர்மாகோல் இதயத்தின் கீழ்
செல்சியாவும் இசக்கிராஜாவும்
ஒருவர் விலாவை ஒருவர் தேடுவார்கள்.
முதல் நாளே வந்து இறங்கும் கல்யாணக் கூட்டம்
சூட்கேஸ் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.
அப்படிப் பார்த்துத்தான் சேர்ந்தார்கள்
மணப்பெண்ணின் சித்தி மகன்,
போட்டோகிராபரின் தங்கை,
சமையல் மாடசாமியின் இரண்டு பெண்கள்.
மாடசாமி ஒரு மாதம் பணமாகத் தரவில்லை,
ஒரு தூக்குவாளிக் கேசரி வந்தது.
வரவில் எழுதுவதா என்று பேனாவோடு
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.
இப்போது நாற்பத்து மூன்று பேர்.
உடுப்புக் கடன் இன்னும் ஏழாயிரம்.

கார்த்திகையில் ஒரு முகூர்த்த நாள்.
மேடைக்கு அடியில் கிடந்த கையுறைகளை எடுக்கக்
குனிந்து நுழைந்து நிமிர்கிறேன்,
பட்டு வேட்டியும் ஐஸ்கிரீம் குச்சியுமாகத் தருண்.
அவன் அப்பா பந்தியில், முதல் வரிசை.
'மாஸ்டர், அடுத்த டெஸ்ட் எப்போ?'

தேய்பிறை சஷ்டி, காலை ஆறு மணி.
எண்ணூறு ரூபாய்.
அரை மணி முன்னாலேயே வா,
சேர் அடுக்கணும்.