முகவரி இல்லாத அலாரம்

இரவில் என் திரையில்
நாலாயிரம் வீடுகள் தூங்கும்,
சாட்ஸ்வர்த் மேட்டிலிருந்து ஷால்க்ராஸ் வரை
வீட்டுக்கொரு பச்சைப் புள்ளி.
புள்ளி சிவந்தால் அழைப்பேன், கடவுச்சொல் கேட்பேன்.
தப்பாகச் சொன்னால் துப்பாக்கியோடு வண்டி போகும்.
பத்துக்கு ஒன்பது பொய்.
சென்சார்மேல் பல்லி ஊர்ந்திருக்கும்.
பல்லி சொன்னால் பலிக்குமாம்;
எங்கள் தொழிலில் ஒருநாளும் பலித்ததில்லை.

வியாழனன்று நர்ஸ் துலானி
என் வீட்டுக்காரர் கையில் மூன்று குழாய் எடுத்தாள்.
"எங்கே கொண்டுபோகிறாய்?" என்று அதட்டினார் குணசீலன்,
அவருடைய ஸ்க்ரூடிரைவர் பெட்டியைத்
தூக்கிப்போகிறாள் என்பதுபோல.

தாளில் எண்கள் வந்தன.
சி.ஆர்.பி. பதினொன்று.
இன்டர்லூக்கினுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.
காய்ச்சல் இல்லை, புண் இல்லை,
சொத்தைப் பல்கூட இல்லை.
"அழற்சி எங்கே டாக்டர்?"
"அது இரத்தத்துக்குத் தெரியாதம்மா.
எரிகிறது என்று மட்டும் சொல்லும்."

மூளைக்குள்ளும் காவலாளிகள் உண்டாம்,
குப்பை அள்ளுகிறவர்கள்.
மணி ஓயாமல் அடித்தால்
நரம்பும் நரம்பும் கைகோர்க்கும் இடத்தையே
மென்று தின்னத் தொடங்குவார்களாம்.
அழற்சியால் மறதியா, மறதி நோயால் அழற்சியா,
அந்த வழக்கு இன்னும் தீரவில்லை என்றார்.

எனக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.
ஆயுதக்காரனை வருஷக்கணக்கில் தூங்கவிடாவிட்டால்
கடைசியில் யாரைச் சுடுவான் என்று
கண்ட்ரோல் ரூமில் எல்லோருக்கும் தெரியும்.

நேற்று இரண்டு பதினேழுக்கு
ஒரு புள்ளி சிவந்தது.
என் வீடு.
கட்டிலின் தலைமாட்டில் அவரே கம்பி இழுத்து
அவரே பொருத்திய பட்டன்.
நாத்தனார் கோகிலம் பக்கத்து அறையில்
மாத்திரை போட்டுத் தூங்குகிறாள்.

"என்ன அவசரம், ஐயா?"
முப்பத்தோரு வருஷத்தில் முதல் 'ஐயா'.
"வீட்டுக்குள்ள ஆள் இருக்கான்."
"எந்தப் பக்கம்?"
"குளிக்கிற ரூம்ல. கண்ணாடிக்குப் பின்னால.
கிழவன். என்னையே பார்க்கிறான்."
"கடவுச்சொல் சொல்லுங்கள்."

ஃபிரிட்ஜ் முனகுவது கேட்டது.
அந்தச் சொல்லைத் தேர்ந்தவரே அவர்தான்: எர்த்.
நான் சிரித்தேன் அன்றைக்கு, எலக்ட்ரீஷியன் புத்தி என்று.
"பச்சை" என்றார்.
கொஞ்சம் பொறுத்து, "மஞ்சள்."

எர்த் கம்பியின் நிறம் அதுதான்.
ஆனால் சொல் அதுவல்ல.
விதிப்படி வண்டி அனுப்பினேன்.

ஏழு நிமிஷத்தில் ம்லுங்கிசி வயர்லெஸ்ஸில் வந்தான்:
"யாரும் இல்லை. கண்ணாடிமேல்
துண்டு போட்டு மூடிவிட்டேன்.
டீ போட்டுத் தருகிறேன் என்கிறார்.
அடுப்பை நானே பற்றவைக்கட்டுமா?"

சரி என்றேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பல்லி, காற்று, மின்வெட்டு
மூன்றையும் ஒருமுறை தொட்டுவிட்டு
காலியாக விட்டேன்.
அதற்குள் மோபெனி பக்கம் இன்னொரு வீடு
சிவந்துவிட்டிருந்தது.