மீட்டருக்கு முன், மீட்டருக்குப் பின்

கையுறை ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
ஐந்தரைக்கு வந்தேன்.
வாசலில் மீட்டரின் சிவப்புச் சக்கரம்
வீடே உறங்க
தான் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

எல்லாக் குழாயையும் மூடினேன். சுற்றியது.
கக்கூஸ் தொட்டியின் காதைத் திருகினேன்.
சுற்றியது,
கொஞ்சம் மெதுவாக, அவ்வளவுதான்.
போன மாத பில் நூற்றெண்பத்திரண்டு ரிங்கிட்.
அதற்கு முந்தியது பதினாறு.

பீடோர் கவுண்டரில் நோரைனி தந்த ஃபாரத்தில்
இரண்டே கட்டங்கள்.
கசிவு மீட்டருக்கு முன் என்றால்
கம்பெனி தோண்டும்.
பின் என்றால் நீ தோண்டு.
தெரியாது என்று எழுத இடமில்லை.
சக்கரம் சுற்றுகிறதா, அப்போது பின்தான்
என்று அவளே கோடு போட்டாள்,
மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு.

தோண்டினோம்.
லயத்தை இடித்துக் கல்வீடு கட்டியவர்கள்
கூரையை மாற்றினார்கள், கதவை மாற்றினார்கள்,
இதை மட்டும் மண்ணிலேயே விட்டுவிட்டார்கள்:
சாம்பல் நிறம், சுண்டுவிரல் தடிமன்,
பாம்பு மாதிரி வளைந்து.

பிளம்பர் மரியசூசை
இருபது சென் காசால் சுரண்டினார்.
பளிச்சென்றது.
"ஈயம்."

பக்கத்து வீட்டுக் குணேஸ்வரி சிரித்தாள்:
"எங்க வீட்டு ரசமே ஈயச் சொம்புலதான்."

"அது வெள்ளீயம்மா.
இந்த ஊர் லம்பத்துல தோண்டுனது.
இது காரீயம்."

ஒரே சொல்லில் இரண்டையும் கலந்து
குடித்திருக்கிறோம்.

யஷ்வினுக்கு ஒன்பது மாதம்.
ஒரு நாளைக்கு ஐந்து புட்டி பால்மாவு.
கணக்குப் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே
போட்டேன்.
"காய்ச்சித்தானே கொடுத்தேன்" என்றேன்.
மரியசூசை காசைத் துடைத்துக்கொண்டே
"காய்ச்சினா கிருமி சாகும்" என்றார்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.

என் பக்கத்துக் குழாய்க்கு எழுநூறு ரிங்கிட்.
கூட்டுப் பணத்தை முன்னாலேயே கேட்டு வாங்கினேன்.
ஆனால் குழியில் நின்ற மரியசூசை
மீட்டருக்கு அந்தப் பக்கமும் ஒரு கீறு கீறினார்,
தெருவிலிருந்து வருகிற பக்கம்.

அதுவும் பளிச்சென்றது.

அன்று மாலை எங்கள் வரிசையில்
பதினொரு வீட்டு வாசலிலும் யாரோ குனிந்திருந்தார்கள்,
கையில் ஒரு காசோடு.
இரண்டு வீட்டில் செம்பு.
ஒன்பதில் அதே மினுக்கம்.

திங்கட்கிழமை
நோரைனியிடம் ஒன்பது ஃபாரம் கேட்டோம்.
எண்ணித் தந்தாள்.
"கசிவு இல்லையே" என்றாள்.
இல்லை என்றோம்.
காரீயத்துக்கென்று கட்டம் எதுவும் இல்லை.
குணேஸ்வரி பேனாவை வாங்கி
'முன்' என்பதில் அழுத்திக் கோடு போட்டாள்;
தாள் கிழிந்தது.
நோரைனி கிழிசலின் மேலேயே
முத்திரை குத்தினாள்.

பதில் வரவில்லை இன்னும்.
சக்கரம் நின்றுவிட்டது.
ஐந்தரைக்கு வந்து
அதைப் பார்த்துவிட்டு,
கடையில் வாங்கிய ஐந்து லிட்டர் கேனிலிருந்து
புட்டியை நிரப்புகிறேன்.