கிணறு இறைத்த நாள்

மரத்தால் விழுந்தது என்று எழுதிக் கொண்டுவந்தார்கள்.
இருபது வயதிருக்கும். வலக்கை விலங்கில்,
விலங்கின் மறுநுனி ஒரு பொலிஸ்காரரின் இடுப்புப்பட்டியில்.
இடக்கையைத் தட்டில் கிடத்தி
ஈய எழுத்தைப் பக்கத்தில் வைத்தேன்.
மரத்தால் விழுகிறவன் மணிக்கட்டை முறிப்பான்.
இது முன்கையின் நடுவில்.
முகத்துக்கு முன்னால் கை தூக்கியவனின் முறிவு.
கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பதினொரு வருடம்,
எனக்கு மரங்களைத் தெரியும்.

அக்கராயனில் ஒரு பிள்ளையைக் காணேல்லை. ஆறு வயது,
பச்சைச் சட்டை, மூன்று நாள்.
கடைசியாகக் கண்டவன் இவன்தானாம்.
இரவு ஏதோ ஒரு மணிக்கு
கைவிட்ட காணியொன்றின் கிணற்றைச் சொல்லியிருக்கிறான்.
விடியத் தொடங்கி அங்கே இரண்டு வோட்டர் பம்ப் ஓடுகின்றன.

"பாத்தியே, அடிச்சால் வருகுது" என்றான் கேதீஸ்வரன்,
பணிஸைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி.
"இன்னும் இறைச்சு முடியேல்லை" என்றேன்.
"உன்ர பிள்ளையெண்டால் என்ன செய்வாய்?"
"நானே அடிப்பன்."
"பிறகென்ன?"
"அதுக்காகத்தான் என்னட்டை விடக்கூடாது எண்டுறன்."

"மேசையில இருந்து கதைக்கிறது லேசு.
கிணத்துக்குள்ள அந்தப் பிள்ளை உயிரோட நிண்டால்?"
பதில் தேடினேன். என்னிடம் இருக்கவில்லை.
பணிஸ் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.
கரண்டியால் அவன் அதைத் துழாவித் துழாவி எடுத்தது
ஏனோ எனக்கு எரிச்சலாக இருந்தது.

மதியம் செய்தி வந்தது.
சேறு வரைக்கும் இறைத்துவிட்டார்கள்.
பிள்ளை இல்லை.
பொலித்தீனால் சுற்றி, நைலோன் கயிறு வரிந்து கட்டிய
தையல் மெஷின் தலையொன்று கிடந்ததாம்.
இடம்பெயர்ந்த நேரம் ஆரோ பக்குவமாய் இறக்கிவிட்டுப் போனது,
வந்து எடுக்கலாமென்று.
ஊசிகூடக் கழற்றாமல்.

"அப்ப, அடி காணாது" என்றான் கேதீஸ்.
எனக்குக் கோபம் வந்துவிட்டது.
"அடி நிக்கிறதுக்கு அவனுக்கொரு கிணறு தேவைப்பட்டது. குடுத்தான்.
சில பேர் எதையாவது சொல்லுவினம்.
சில பேர் செத்தாலும் சொல்லாயினம்.
அடிக்கிறவனுக்கு எது எதெண்டு எப்பிடித் தெரியும்?"

செத்தாலும் என்பதை நான் சொல்லியிருக்கக் கூடாது.
போன பங்குனியில் கைநோவென்று அவன் வந்தபோது
படம் எடுத்தது நான்தான்.
பழைய முறிவு, முன்கையின் நடுவில்,
ஒருவரும் கட்டாமல் தானாகக் கோணலாய்ப் பொருந்தியது.
"சைக்கிளால்" என்றான்.
நானும் தலையாட்டினேன்.

இப்போது அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான்:
"சொல்லாத ஆக்கள் எண்டு ஒருத்தரும் இல்லை.
எல்லாரும் சொல்லுவினம்.
ஆறாம் நாள் எல்லாரும் சொல்லுவினம்."
கோப்பையைக் கழுவப் போனவன் திரும்பி நின்று,
"நான் சொன்னது சரியான பேர்தான்" என்றான்.

எந்தப் பக்கத்து அறை என்று நான் கேட்கவில்லை.
இந்த மண்ணில் இரண்டு பக்கமும் அறை வைத்திருந்தது.
காலையிலிருந்து நான் வெல்லப் பார்த்தது எதை என்று
அப்போதுதான் தெரிந்தது.
தெரிந்த பிறகும்
நான் சொன்னதில் ஒன்றையும் திருப்பி எடுக்க ஏலாமல் இருந்தது.

பின்னேரம் டொக்டர் துண்டு அனுப்பினார்: மற்றக் கையும்.
விலங்கைக் கழற்றச் சொல்லிப் பொலிஸ்காரரோடு தர்க்கப்பட்டது
நானல்ல, கேதீஸ்.
"முறிஞ்ச கையில போடேலாது. வேணுமெண்டால் என்ர கையில போடுங்கோ."
அவர் சிரித்தார். இவன் சிரிக்கவில்லை.
மணல்மூட்டையை முழங்கையின் கீழ் வைத்தான்,
விரல்களை ஒவ்வொன்றாய் விரித்துவிட்டான்.
பிள்ளையைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை.

பொடியன் கண்ணை இறுக்கி மூடி
நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

"மூச்சை விடு, தம்பி.
கைக்கு அது தேவையில்லை."

அவன் விடவில்லை.
பொத்தானில் விரலை வைத்தபடி
கேதீஸ் காத்துக்கொண்டு நின்றான்.