பகல் தெரியாத லொறி

மறை நாற்பது பாகை என்கிறது ஸ்கேனர்.
அநுராதபுரச் சந்தியில் சித்திரை மாத உச்சிவெயில்.
பொனற்றுக்குள் குனிந்திருந்த இர்ஃபாத்தின் மூக்கு நுனியிலிருந்து
வியர்வைத் துளி எஞ்சினில் விழுந்து சீறுகிறது.
"உங்கட எஞ்சின் உறைஞ்சு போச்சு அண்ணை,
கம்பளி ஏதும் இருந்தா போர்த்துங்க."

சூட்டை அளக்கும் வயர் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.
தெரியாது என்று சொல்ல
யாரும் பழக்கவில்லை அந்தப் பெட்டிக்கு.
கையிலிருக்கும் ஆகக் குளிர்ந்த எண்ணை
எடுத்து நீட்டிவிடுகிறது.

முதல்முறை செருகியபோது சீனத்தில் பேசியது.
இரண்டாம்முறை, வாகனம் எதுவும் இல்லை என்றது;
லொறிக்குள் இருந்துகொண்டுதான் கேட்டோம்.
பிறகு ஓடிய தூரம் என்று
அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து காட்டியது.
பக்கத்தில் நின்ற வானுக்கும் அதே எண்.
"அது தூரமில்லை," என்றான், "பெட்டி விடுற கொட்டாவி."

தொண்ணூற்றெட்டில் பிறந்த டீசல்.
பதினாறு துளையுள்ள சொக்கற்றில்
ஆறுக்குத்தான் வயர். மீதிப் பத்தும் முகத்துக்கு.
ஸ்கேனரைச் சீற்றில் எறிந்துவிட்டு
பேப்பர் கிளிப்பை வளைத்து இரண்டு துளைகளைக் கோத்தான்.
மஞ்சள் விளக்கு சிமிட்டத் தொடங்கியது:
நெடில் இரண்டு. குறில் நாலு.
மறுபடி நெடில் இரண்டு, குறில் நாலு.
யாப்பு தவறவில்லை.
பொருள்தான் எங்கள் இருவருக்கும் எட்டவில்லை.

நான் வந்தது இதற்கும் அல்ல.
மீற்றரில் ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம்.
டீசல் துண்டுகளைக் கூட்டி
கொப்பியில் நான் எழுதி வைத்திருப்பது
மூன்று லட்சத்து எழுபத்துநாலாயிரம்.
பின்னேரம் தம்பலகாமத்துக் குகநேசன் வருகிறார், விலை பேச.

சீனக்குடாப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம்.
எட்டுக் கிலோமீற்றர்; கடைசி இலக்கம் அசையவேயில்லை.
மேகம் இருட்டி மழை இறங்க
லைற்றைப் போட்டேன்.
இலக்கம் புரண்டது.
அணைத்தேன். நின்றது.
போட்டேன். புரண்டது.
இர்ஃபாத் கைதட்டிச் சிரித்தான்.
மீற்றரின் பியூஸ் எப்போதோ செத்திருக்கிறது;
விளக்கு வயரில் களவாய்க் கரண்ட் குடித்துத்தான்
இத்தனை காலம் உயிர்.

நான் சிரிக்கவில்லை.
ஒவ்வொரு இரவும் கொட்பேயில் ஐஸ் மீன் ஏற்றி
தம்புள்ளைக்குப் போன தூரம் கணக்கில் இருக்கிறது.
ஒவ்வொரு பகலும் வெறும் பெட்டிகளோடு,
கந்தளாயில் ஒரு பிளேன்ரீ, ஒரு குட்டித் தூக்கத்தோடு
வந்த தூரம் இல்லை.
மீற்றரைக் கேட்டால்
இந்த லொறி போய்க்கொண்டே இருந்திருக்கிறது.
ஒருநாளும் வீடு திரும்பியதில்லை.

சுகந்தினியும் இதைத்தான் சொல்கிறாள்,
ஸ்கேனர் இல்லாமலே.

குகநேசன் வந்தார், ரயரை உதைத்தார்,
மீற்றரைப் பார்த்து முகம் மலர்ந்தார்.
"குறைவாத்தான் ஓடியிருக்கு."
வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.
"அது இரவு மட்டும்" என்றேன்.
நெடுநேரம் யோசித்தார்.
"அப்ப தூரத்தை ரெண்டால பெருக்கி
விலையை ரெண்டால பிரிப்பம்."
பிளேன்ரீயைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்.

புதுப் பியூஸ் போட்டோம். பட்டென்று போனது.
இன்னொன்று. அதுவும்.
மீன் தண்ணீர் ஊறிய வயர்க்கட்டுக்குள் எங்கோ
உப்பு உட்கார்ந்திருக்கிறது.
முழுதாய் உரித்துத் தேட மூன்று நாள் வேண்டுமாம்,
மூன்று நாள் மீன் நிற்காது.

ஆகவே இப்போது
நிலாவெளி றோட்டில், பட்டப்பகலில்,
இரண்டு கண்ணும் எரிய வருகிறேன்.
எதிரே வருகிறவர்கள் எல்லோரும்
விரல்களைக் குவித்து விரித்து, குவித்து விரித்து,
லைற் எரியுது, லைற் எரியுது என்கிறார்கள்.
ஐஸ்பழ வண்டிக்காரர், பள்ளிக்கூடப் பெட்டைகள்,
ஒருமுறை பொலிஸ்காரர்கூட.

எல்லோருக்கும் கை தூக்குகிறேன்.
உப்புவெளி தாண்டும்போது
இலக்கம் ஒன்று புரள்கிறது.